நண்பகலுக்கு முன்னா, பின்னா? பாரசீகப் புத்தாண்டு பிறக்கும் கணக்கு

2025 மார்ச் 20. தெஹ்ரான் கடிகாரத்தில் பகல் 12 மணி 31 நிமிடத்துக்குச் சூரியன் பூமத்தியரேகைக்கு நேர்மேலே வந்து வடக்கே தாண்டியது. ஈரான் நாட்காட்டியில் 1403-ஆம் ஆண்டுக்கு 366 நாள் கிடைத்ததற்கு அந்த 31 நிமிடம்தான் காரணம். சூரியன் பன்னிரண்டு மணிக்குள் தாண்டியிருந்தால் மார்ச் 20-தான் 1404-இன் முதல் நாள். தாண்டவில்லை. அதனால் அன்று 1403-இன் கடைசி நாளாக, எஸ்ஃபந்த் மாதம் 30-ஆம் தேதியாக நின்றது. ஆண்டின் முதல் நாளான ஃபர்வர்தீன் 1, அதாவது நவ்ரூஸ் எனும் புத்தாண்டு, மறுநாள் பிறந்தது.

விதி ஒரே வரிதான். சூரியன் இப்படிப் பூமத்தியரேகையைத் தாண்டும் வசந்த காலச் சம இரவுக் கணம் நண்பகலுக்கு முன் வந்தால் அன்றே புத்தாண்டு, பின் வந்தால் மறுநாள். தமிழ்ப் பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் புதுமை இருக்காது. சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு, மறைந்தபின் என்றால் மறுநாள் என்பது நம் கணக்கு. அவர்கள் கோட்டை நண்பகலில் போட்டிருக்கிறார்கள், நாம் மாலையில் போட்டிருக்கிறோம்.

சூரியன் போய்ச் சேரும் இடத்துக்கும் பெயர் ஒன்றேதான். பாரசீகத்தில் ஹமல், அதாவது ஆட்டுக்கடா, நமக்கு மேஷம். பிறகு ஏன் அவர்களுக்கு மார்ச் 20-21, நமக்கு ஏப்ரல் 14? பாரசீகக் கணக்கு சாயனம்: மேஷத்தின் தொடக்கம் என்பது சம இரவுப் புள்ளி. நம்முடையது நிராயனம்: மேஷத்தின் தொடக்கம் விண்மீன்களை ஒட்டி நிற்கும் புள்ளி. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று ஆடுவதால் இரண்டும் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகுகின்றன. இன்றைய விலகல் ஏறத்தாழ 24 பாகை. அந்த 24 பாகைதான் இரண்டு புத்தாண்டுக்கும் இடையே மூன்றரை வாரமாக நிற்கிறது.

கோடு ஏன் நண்பகலில்?

ஆண்டின் முதல் நாளுக்குப் பழைய வானியலாளர் சொன்ன இலக்கணம் இது: நண்பகலில் பார்க்கும்போது சூரியன் ஏற்கெனவே மேஷத்துக்குள் நுழைந்திருக்கும் முதல் நாள். சூரியனின் உயரத்தைத் துல்லியமாக அளக்க வசதியான நேரம் உச்சிவேளை. அப்போது அது வடக்குத் தெற்குக் கோட்டின்மேல் நிற்கும், ஏறுவதும் இறங்குவதும் சற்று ஓய்ந்திருக்கும். இஸ்ஃபஹான் நகரில் சம இரவு நாளின் உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 57 பாகை 20 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) உயரத்தில் இருக்கும். ஒரு நாள் அளவு அதைவிடக் குறைவு, மறுநாள் கூடுதல் என்றால் இடையில் எங்கோ சூரியன் தாண்டிவிட்டது என்று பொருள்.

சொல்ல எளிது, செய்வது கடினம். அந்த நாட்களில் சூரியன் ஒரு நாளைக்கு 24 கலைதான் வடக்கே ஏறும்; மணிக்கு ஒரு கலை. சூரிய வட்டத்தின் அகலமே 32 கலை. அப்படியானால் 2025-இன் அந்த 31 நிமிடம் வானத்தில் அரைக் கலை, சூரிய வட்டத்தில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு கலை தவறாக அளந்தால் ஒரு மணி நேரம் தவறும். சம இரவு நண்பகலை ஒட்டி வரும் ஆண்டில் அந்த ஒரு மணி நேரம் முழு நாளையே தப்பாக்கிவிடும். அதனால்தான் வெறும் பார்வையை நம்பாமல் பெரிய கருவிகளையும், ‘ஸீஜ்’ எனப்படும் வானியல் அட்டவணைகளையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். இன்று தெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் புவி இயற்பியல் நிறுவனம் இதைக் கணித்து வெளியிடுகிறது. கணக்குக்கு அடிப்படை கிழக்கு 52.5 பாகைத் தீர்க்கரேகை. ஈரான் நேரம் கிரீன்விச்சுக்கு மூன்றரை மணி முன்னால் இருப்பதும் அதே ரேகையால்தான்.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, சில சமயம் ஐந்து

சூரிய ஆண்டு 365 நாளைவிட ஏறக்குறைய 5 மணி 49 நிமிடம் நீளம். நான்கு ஆண்டில் 23 மணி 15 நிமிடம் சேரும். அதற்கு ஈடாக ஒரு முழு நாளைக் கூட்டினால் 45 நிமிடம் அதிகமாகக் கொடுத்துவிட்டோம். ஆகவே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் சம இரவுக் கணம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வந்துகொண்டிருக்கும். தெஹ்ரான் நேரப்படி 2021-இல் பகல் 1:07. 2025-இல் 12:31. 2029-இல் 11:32.

இந்த மூன்றாவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 11:32 நண்பகலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆகவே 1403-க்கு அடுத்த லீப் ஆண்டு 1407 அல்ல, 1408. கடைசியாக இப்படி ஐந்து ஆண்டு இடைவெளி விழுந்தது 1370-க்கும் 1375-க்கும் இடையே. 1370-இலிருந்து 1403 வரை 33 ஆண்டு. அதற்குள் எட்டு லீப் ஆண்டு. ‘33-இல் 8’ என்று பலரும் மனப்பாடமாகச் சொல்வது இதைத்தான். சராசரி ஆண்டு 365.2424 நாள், கிரிகோரியன் ஆண்டு 365.2425.

ஆனால் 33 என்பது விளைவு, விதி அல்ல. மேலே உள்ள எண்களையே கவனியுங்கள்: முதல் நான்கு ஆண்டில் கணம் 36 நிமிடம் முந்தியது, அடுத்த நான்கில் 59 நிமிடம். சந்திரனும் மற்ற கோள்களும் பூமியை இழுப்பதால் இந்த ஏற்ற இறக்கம். சூத்திரம் போட்டு இந்த நாட்காட்டியை அடக்க முயன்றவர்கள் இங்கேதான் சறுக்கினார்கள். 2820 ஆண்டுச் சக்கரம் என்று ஒரு கணக்கு உண்டு, பல மென்பொருள்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. அது 1403-ஐச் சாதாரண ஆண்டு என்றும் 1404-ஐ லீப் ஆண்டு என்றும் சொல்லும். விளைவு, 2025 மார்ச் 20 தொடங்கி ஓராண்டு முழுக்க எல்லாத் தேதியும் ஒரு நாள் தவறு. நிரல் எழுதுபவர்களுக்கு நல்ல சோதனை இது: 2025 மார்ச் 20-ஐக் கொடுத்தால் எஸ்ஃபந்த் 30, 1403 என்று விடை வர வேண்டும். ஃபர்வர்தீன் 1 என்று வந்தால் அந்தச் சூத்திரத்தை விட்டுவிட்டு, சம இரவைக் கணித்த அட்டவணைக்கு மாறுவது நல்லது.

ஆனிக்கு 32, மார்கழிக்கு 29

இன்றைய ஈரான் மாதங்கள்: ஃபர்வர்தீன், ஓர்திபெஹெஷ்த், கோர்தாத், தீர், மொர்தாத், ஷஹ்ரிவர் ஆறும் 31 நாள். மெஹ்ர், ஆபான், ஆஸர், தேய், பஹ்மன் ஐந்தும் 30. கடைசி எஸ்ஃபந்த் 29, லீப் ஆண்டில் 30. முதல் பாதி 186 நாள், இரண்டாம் பாதி 179. ஏன் இந்த ஓரவஞ்சனை? ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிடமிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது, மெதுவாக நகர்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் மிக அருகில், வேகம் கூடுகிறது. வசந்தம் 92.8 நாள், கோடை 93.6, இலையுதிர் காலம் 89.8, குளிர்காலம் 89. முதல் இரண்டையும் கூட்டினால் 186-க்குச் சற்றுமேல். மாத நீளங்கள் வானத்தை ஒட்டி வெட்டியவை. ஜனவரிக்கு 31, பிப்ரவரிக்கு 28 என்பதற்கு வானத்தில் எந்தக் காரணமும் காட்ட முடியாது.

1925-க்கு முன் ஈரான் அரசு அலுவலகங்களில் ஓடியது இன்னும் கறாரான கணக்கு. சூரியன் ஒவ்வொரு ராசியில் எத்தனை நாள் இருக்கிறதோ அதுவே மாதம். ஜவ்ஸா, அதாவது மிதுனம், 32 நாள். கவ்ஸ், அதாவது வில், நம் தனுசு, 29 நாள். நம் ஆனிக்கு 32-உம் மார்கழிக்கு 29-உம் வருவது இதே வான நடப்பால்தான். 1925 மார்ச் 31 அன்று ஈரான் நாடாளுமன்றம் ராசிப் பெயர்களை நீக்கி, இஸ்லாத்துக்கு முந்தைய ஜரதுஷ்டிர மாதப் பெயர்களைச் சட்டமாக்கியது. மாத நீளமும் அப்போதுதான் நிலைப்பட்டது. எலி, பாம்பு, குதிரை என்று பன்னிரண்டு விலங்குகளால் ஆண்டுக்குப் பெயரிடும் துருக்கிய வழக்கமும் அதே சட்டத்தில் ஒழிந்தது. காகிதத்தில் ஒழிந்தது என்று சொல்வதே சரி. இது பாம்பு ஆண்டு, அது குதிரை ஆண்டு என்ற பேச்சு இன்றும் கேட்கும்.

நவ்ரூஸ் ஜூனில் வந்த காலம்

மூவாயிரம் ஆண்டாக நவ்ரூஸ் வசந்தத்தின் முதல் நாளிலேயே கொண்டாடப்படுகிறது என்று எங்கும் எழுதுகிறார்கள். திருவிழா பழையதுதான், தேதி அப்படி நிற்கவில்லை. சாசானியப் பேரரசின் கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தெகெர்த் அரியணை ஏறிய 632-இல் நவ்ரூஸ் ஜூன் 16 அன்று வந்தது.

காரணம் அவர்களுடைய ஆண்டின் அமைப்பு. 30 நாளில் பன்னிரண்டு மாதம், கூடவே ஐந்து தனி நாள், மொத்தம் 365. கால் நாளுக்குக் கணக்கே இல்லை. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் புத்தாண்டு பருவத்தை விட்டு முன்னே நழுவும். 120 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு முழு மாதத்தைச் செருகிச் சரிசெய்வது மரபு என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அரசு விழுந்தபின் அதைச் செய்ய யாரும் இல்லை.

இதில் மாட்டியவர் உழவர். நவ்ரூஸ் அன்றுதான் கராஜ் எனும் நிலவரி வசூல் தொடங்கும். ஜூன் நடுவில் என்றால் கோதுமை அறுத்துக் களத்துக்கு வந்திருக்கும். இருநூற்றைம்பது ஆண்டு நழுவி நவ்ரூஸ் ஏப்ரல் நடுவுக்கு வந்தபோது கதிர் பச்சையாக நிற்கையிலேயே வரி கேட்டு ஆள் வந்தான். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். பாக்தாத் கலீஃபா முதவக்கில் இதைத் திருத்த முனைந்தார். 861-இல் அவர் கொல்லப்பட, திட்டம் நின்றுபோனது. 895-இல் கலீஃபா முஃததித் செய்துமுடித்தார். வரி வசூலுக்கான நவ்ரூஸை 60 நாள் தள்ளி ஜூன் 11-க்குக் கொண்டுபோய், லீப் நாள் உள்ள ஜூலியன் ஆண்டோடு கட்டிவைத்தார். மக்கள் கொண்டாடிய நவ்ரூஸ் பழையபடி நழுவிக்கொண்டே இருந்தது.

வசந்தத்தோடு நவ்ரூஸைப் பூட்டியது செல்ஜுக் சுல்தான் மலிக் ஷா காலத்தில். இஸ்ஃபஹானில் வானியலாளர் குழு ஒன்று அமர்ந்தது. உமர் கய்யாம் அதில் ஒருவர், இஸ்ஃபிஸாரி இன்னொருவர். 1079-இல் அவர்கள் 18 நாளைக் கூட்டினார்கள். பழைய கணக்கில் ஃபர்வர்தீன் 19 ஆக வேண்டிய நாள், அந்த ஆண்டு ஜூலியன் மார்ச் 15, புதிய கணக்கில் ஃபர்வர்தீன் 1 ஆனது. சுல்தானின் ‘ஜலால்’ என்ற பட்டத்தால் இதற்கு ஜலாலி நாட்காட்டி என்று பெயர். 33 ஆண்டுச் சூத்திரத்தைக் கய்யாமே எழுதிவைத்தார் என்ற கதையைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கலாம். ஜலாலியின் பலம் சூத்திரத்தில் இல்லை, ஆண்டுதோறும் சூரியனைப் பார்த்து நாளை முடிவுசெய்ததில் இருக்கிறது. 1092-இல் மலிக் ஷா இறந்தார், அந்தக் குழுவின் வானாய்வுக் கூடமும் ஓய்ந்தது. நாட்காட்டி ஓயவில்லை.

லீப் நாளே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உயிருள்ள சான்று வேண்டுமா? இந்தியப் பார்சிகளைப் பாருங்கள். ஷாஹன்ஷாஹி கணக்கைப் பின்பற்றும் பார்சிகளுக்குப் புத்தாண்டு ஆகஸ்டு நடுவில். அது நழுவிப்போன அதே பழைய நவ்ரூஸ்தான். ஈரானில் தங்கிய ஜரதுஷ்டிரர்கள் ஒரு மாதம் முன்னதாகக் கொண்டாடுவது 18-ஆம் நூற்றாண்டில் சூரத்தில் தெரியவந்து, சமூகமே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. பார்சிகள் ஒருமுறை செருகல் மாதம் சேர்த்திருந்தார்கள், ஈரானியர் சேர்க்கவில்லை என்பதே அந்த ஒரு மாத வித்தியாசத்துக்குச் சொல்லப்படும் விளக்கம். ஈரான் கணக்குக்கு மாறியவர்கள் கதீமிகள். மூன்றாவதாக, மார்ச் 21-க்கே திரும்பிய ஃபஸ்லி பிரிவு 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்தது.

ஃபஸ்லி என்ற சொல் நமக்கும் தெரிந்ததுதான். தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும்போது காதில் விழும் பசலி அதுவே. ஃபஸ்ல் என்றால் பருவம், அறுவடை. அறுவடையை ஒட்டி வரி வாங்க முகலாயர் வைத்த ஆண்டு. ஷாஜஹான் காலத்தில் தக்காணத்துக்கு வந்தபோது, அன்று நடப்பில் இருந்த இஸ்லாமியச் சந்திர ஆண்டான ஹிஜ்ரியின் எண்ணையே தொடக்கமாக வைத்து, அதன்பின் சூரிய ஆண்டாக எண்ணினார்கள். அதனால்தான் பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வருகிறது: பசலி 1435 என்பது 2025 ஜூலை 1-இல் தொடங்கியது.

கணம் வரும் நேரமும் அடுப்படியும்

சம இரவுக் கணத்துக்கு ஈரானில் ‘தஹ்வீல்-எ சால்’ என்று பெயர், ஆண்டு கைமாறுதல். விடிகாலையோ நள்ளிரவோ, குடும்பம் அந்த நொடியில் ஹஃப்த்-சீன் விரிப்பைச் சுற்றி அமர்ந்திருக்கும். 2024-இல் காலை 6:36. 2023-இல் நள்ளிரவு தாண்டி 12:54. விரிப்பில் பாரசீகப் பெயர் ‘ஸீன்’ எழுத்தில் தொடங்கும் ஏழு: சப்ஸே எனும் முளைப்பயிர், சமனூ எனும் கோதுமை இனிப்பு, செஞ்செத் பழம், பூண்டு, ஆப்பிள், சுமாக், காடி.

இவற்றில் இரண்டுக்கு நாள் எண்ணித் தொடங்க வேண்டும். சப்ஸேவுக்கு இரண்டு வாரம் முன்பே கோதுமையோ மைசூர்ப் பருப்புப் பயறோ ஊறப்போட்டு, முளை விட்டதும் தட்டில் பரப்பி ஈரத்துணி மூடுவார்கள். தட்டில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடித்து நாறும். தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. சமனூ இன்னும் நுணுக்கம். சர்க்கரை ஒரு துளியும் கிடையாது, இனிப்பு முழுக்க முளைகட்டிய கோதுமையிலிருந்து வர வேண்டும். வெள்ளை வேர்கள் பின்னிக்கொள்ளும்போதே எடுத்து அரைக்க வேண்டும். பச்சைத் தளிர் எட்டிப்பார்த்துவிட்டால் கசக்கும். அரைத்த சாற்றில் மாவு கலந்து மெல்லிய தீயில் மணிக்கணக்கில் கிண்டுவார்கள். எடுத்த எடுப்பில் தீயைக் கூட்டினால் மாவைச் சர்க்கரையாக மாற்றும் நொதி வெந்து செத்துப்போகும். கிடைப்பது கூழ், சமனூ அல்ல. தாஜிக்கிஸ்தானில் இதற்குச் சுமனக் என்று பெயர். பெண்கள் கூடி இரவு முழுக்கப் பாடிக்கொண்டே கிண்டுவார்கள், அடிபிடிக்காமல் இருக்க அண்டாவில் கூழாங்கற்கள் போடுவதும் உண்டு. ஆப்கானிஸ்தானில் ஏழு ஸீன் இல்லை. ஏழு வகை உலர்பழமும் கொட்டையும் நீரில் ஊறிய ஹஃப்த் மேவா.

ஒரே மொழி, மூன்று காலக்கணக்கு

ஆப்கானிஸ்தானில் பேசும் பாரசீகமான தாரி மொழியில் மாதங்கள் இன்னும் ராசிப் பெயரில்தான்: ஹமல், சவ்ர், ஜவ்ஸா, சரதான்... மாத நீளத்தை 1957-இல் ஈரான்போலவே நிலைப்படுத்தினார்கள். காபூலில் ‘ஹமல் 1’ என்பதும் தெஹ்ரானில் ‘ஃபர்வர்தீன் 1’ என்பதும் ஒன்று. தாலிபான் அரசு வந்தபின் நவ்ரூஸுக்கு அரசு விடுமுறை இல்லை. அலுவல் கடிதங்களில் சந்திர ஹிஜ்ரி முன்னுக்கு வந்துவிட்டது. அதே மொழி பேசும் தாஜிக்கிஸ்தான் சோவியத் காலத்திலிருந்து ஜனவரி, பிப்ரவரிதான். நவ்ரூஸ் அங்கே பல நாள் நீளும் தேசிய விடுமுறை.

கிழமைகள் மட்டும் மூவருக்கும் பொது. சனிக்கிழமை ஷன்பே, அங்கிருந்து விரல்விட்டு எண்ணுவது: யெக்ஷன்பே, தோஷன்பே, செஷன்பே, சஹார்ஷன்பே, பஞ்ஷன்பே, பிறகு ஜும்ஆ. தாஜிக் தலைநகர் துஷன்பே திங்கள்சந்தை கூடிய ஊர்; நம் பக்கம் புதன்சந்தை என்று ஊர் இருப்பதுபோல. நவ்ரூஸுக்கு முந்தைய கடைசிப் புதனில் நெருப்புத் தாண்டும் ‘சஹார்ஷன்பே சூரி’க்குச் செவ்வாய் மாலையே போய்விட வேண்டும். பழைய கணக்கில் நாள் பொழுது சாயும்போதே தொடங்கிவிடும். புதன் மாலை போனால் சாம்பல்தான் இருக்கும்.

தேதி மாற்றும்போது

நவ்ரூஸுக்குப் பின் உள்ள தேதிக்கு ஆங்கில ஆண்டிலிருந்து 621 கழிக்கவும், அதற்கு முன் என்றால் 622. 2026 ஜனவரி 10-க்கு 2026 − 622 = 1404; மாதம் தேய், நாள் 20. சந்திர ஹிஜ்ரியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் 622-இல் நபிகள் மக்காவிலிருந்து மதீனா சென்ற ஹிஜ்ரத்திலிருந்தே எண்ணினாலும் சந்திர ஆண்டு 354 நாள் என்பதால் இன்று அது 43 ஆண்டு முன்னே ஓடிவிட்டது. 1404 என்றால் சூரிய ஆண்டு, 1447 என்றால் சந்திர ஆண்டு. ஈரானில் சம்பளம், பள்ளி, வரி எல்லாம் முன்னதில். நோன்பும் முஹர்ரமும் பின்னதில்.

பழைய பத்திரங்களில் 2535, 2536, 2537 என்ற எண்களும் தட்டுப்படும். அச்சுப்பிழை அல்ல. 1976-இல் முகம்மது ரெசா ஷா ஆண்டுக் கணக்கைக் கி.மு. 559-இல் கூருஷ் (சைரஸ்) மன்னர் ஆட்சிக்கு வந்ததிலிருந்து தொடங்கச் செய்தார். 1355 ஒரே நாளில் 2535 ஆயிற்று. 1978 ஆகஸ்டில், எதிர்ப்பு முற்றிய நிலையில், பழைய எண்ணுக்கே திரும்பினார்கள். அந்த இரண்டரை ஆண்டுத் தாளில் 1180 கழித்தால் சரியாகிவிடும்.

ஆண்டுவிழாக்கள் ஒரு நாள் அசைவதும் இயல்பு. புரட்சி வென்ற பஹ்மன் 22, 1979-இல் பிப்ரவரி 11. 2025-இல் அது பிப்ரவரி 10-இல் விழுந்தது, 2026-இல் மீண்டும் 11. நவ்ரூஸ் மார்ச் 20-இல் பிறந்த ஆண்டில் எல்லாம் ஒரு நாள் முந்தும், பிறகு ஆண்டுக் கடைசியில் எஸ்ஃபந்த் 30 வந்தால் ஆங்கிலத் தேதி ஈடாகிவிடும்.

எஸ்ஃபந்த் 30-இல் பிறந்தவர்களுக்குத்தான் ஈடே இல்லை. 2025 மார்ச் 20 அன்று, அந்த 31 நிமிடத்தால் உண்டான நாளில், ஈரானில் பிறந்த குழந்தைக்கு முதல் சரியான பிறந்தநாள் நான்கு வயதில் வராது. 1407 லீப் ஆண்டு இல்லை. 2030 மார்ச் 20 வரை, ஐந்து வயது நிறையும்வரை, காத்திருக்க வேண்டும்.